காசு கொடுத்தவளின் படம்

ஜூன் 3, திங்கள்

காலையிலேயே மோட்டார் காற்றை இழுத்துக்கொண்டு நின்றுவிட்டது. மாமியார் மொட்டை மாடியில் காயப்போட்ட வடாமைக் குரங்கு பாதி தின்று, மீதியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. இவரிடம் சொன்னால், "மலையடிவாரத்துல குடியிருந்தா கொரங்கு வரத்தான் வரும்" என்கிறார். மோட்டார் கெட்டதற்கும் குரங்குதான் காரணமா என்று கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மடப்பள்ளிக்குக் கிளம்பிவிட்டார். முருகனுக்கு நாலு வேளையும் நேரத்துக்குச் சமைக்கத் தெரிந்த மனுஷருக்கு ஒரு மோட்டார் மெக்கானிக்கைக் கூப்பிடத் தெரியாது.

நான் வேலை பார்க்கும் ஆவணக் காப்பகத்தில் மின்சாரம் இருந்தது. அதுவே பெரிசு. தணிகைவேல் ஸ்டுடியோ படங்கள் வந்து சேர்ந்தன. சாக்குப் பையில் நெகட்டிவ்கள், கூடவே ஒரு பழைய கம்ப்யூட்டர். மலைமேல் நடக்கும் கல்யாணம், மொட்டை, காதுகுத்து எல்லாவற்றையும் வருஷக்கணக்கில் எடுத்தவர் அவர். ஸ்டுடியோவை இப்போது தோசைக் கடைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறாராம்.

ஆடிக் கிருத்திகைக்குள் 'மலைக் கல்யாணங்கள்' என்று ஒரு கண்காட்சி வைக்க வேண்டும் என்பது எங்கள் செயலாளர் குருநாதன் சாரின் ஆசை. ஆசை அவருடையது, வேலை என்னுடையது.

ஜூன் 6, வியாழன்

இன்று கண்ணில் பட்ட ஒரு படத்தை மூடவே மனசு வரவில்லை. 2017. மாப்பிள்ளை தாலி கட்டுகிறான், முடிச்சு விழாமல் விரல் தடுமாறுகிறது. பெண் குனிந்த தலையோடு சிரிக்கிறாள். வெட்கச் சிரிப்பு இல்லை, 'சீக்கிரம் போடுடா' என்கிற சிரிப்பு. சொந்தம் என்று ஒருவர் கூடப் பக்கத்தில் இல்லை. தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது மலைப்படியில் பூ விற்கும் அம்மாள்.

கண்காட்சிக்கு முதல் படம் இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஜூன் 10, திங்கள்

குருநாதன் சாருக்குப் படம் பிடித்துவிட்டது. உடனே, "உரிமை யாருது?" என்றார். போன வருஷம் ஏதோ காலண்டர் படத்துக்காக வக்கீல் நோட்டீஸ் வந்ததிலிருந்து சார் தும்முவதற்குக் கூட அனுமதிக் கடிதம் கேட்பார்.

எடுத்தவருக்குத்தானே படம் என்று எல்லோரும் நினைப்பார்கள். இந்த மாதிரி ஸ்டுடியோ படங்களில் அப்படி இல்லை. வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், யார் கேட்டு, யார் காசு கொடுத்து எடுத்ததோ அவருக்குத்தான் முதல் உரிமை. ஆகவே காசு கொடுத்தது யார் என்று தெரிய வேண்டும். தணிகைவேலுக்குப் போன் செய்தேன்.

"அந்தப் பொண்ணுதாம்மா குடுத்துச்சி. மாப்ள பாக்கெட்ட தடவிகினே நின்னான். அது பர்ஸ தொறந்து நோட்ட நீட்டிச்சி. நல்லா ஞாபகம் கீது. பேரு பிரேமா. நகரி பக்கத்துப் பொண்ணு."

அப்படியானால் படம் பிரேமாவுடையது. எங்கே என்று தேடுவது? "தேடினோம்னு நம்ம கையில அத்தாட்சி இருக்கணும்" என்றார் சார். முகநூல் பக்கத்தில் படத்தைப் போட்டு, 'இவர்களைத் தெரியுமா? திருத்தணி மலையில் 2017இல் திருமணம். மணமகள் பெயர் பிரேமா. தெரிந்தவர்கள் தொடர்பு கொள்ளவும்' என்று எழுதினேன். நகரி, புத்தூர் வரைக்கும் போய்ச் சேரட்டும் என்று தெலுங்கிலும் எழுதினேன். அந்த யோசனை என்னுடையது.

ஜூன் 11, செவ்வாய்

நூற்றுக்கணக்கில் பகிர்ந்திருக்கிறார்கள். சாருக்கு வாயெல்லாம் பல்.

ஜூன் 13, வியாழன்

மத்தியானம் ஒரு போன். பெண் குரல். பின்னால் தடதடவென்று இடைவிடாத சத்தம்.

"நீங்கதான் அந்த போட்டோவப் போட்டதா? அத எடுத்துடுங்க அக்கா. இப்பவே எடுத்துடுங்க."

நீங்கள் யார் என்றேன். "போட்டோல கீறது நான்தான்" என்றாள்.

எனக்கு ஒரே சந்தோஷம். உரிமையாளர் கிடைத்துவிட்டார். நீக்க வேண்டுமானால் நேரில் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும், அடையாள அட்டை கொண்டு வாருங்கள் என்றேன். அவள் ஏதோ சொல்ல வந்து, "சரி" என்று வைத்துவிட்டாள்.

ஜூன் 15, சனி

பிரேமா வந்தாள். முகத்தை மறைத்து முக்காடு, கையைப் பிடித்தபடி ஒரு பெண் குழந்தை. கவிப்பிரியா, ஒன்றாம் வகுப்பு. ஆர்.கே.பேட்டை பக்கம் அம்மையார்குப்பத்தில் பவர்லூம் ஓட்டுகிறார்களாம், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும். பஸ்ஸில் எதிர் சீட்டில் உட்கார்ந்தவர்களை எல்லாம் பார்த்துக்கொண்டே வந்ததாகச் சொன்னாள்.

"எங்க வீட்ல நான் செத்துட்டேன்னு சொல்லிட்டாங்க அக்கா. நான் கெளம்பி வந்த மறுநாளே ஊர்ல கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினாங்க. கருமாதியும் பண்ணாங்க. என் புருஷன் வேற ஆளுங்க, அதான். செத்தவள யாரு தேடுவாங்க? இத்தினி வருசம் அது எங்களுக்கு நல்லதாத்தான் இருந்துச்சி. இப்ப ஊருக்கே தெரிஞ்சிபோச்சி. எங்க அண்ணன் மூஞ்சிலயே சிரிக்கிறாங்களாம்."

அவள் எதிரிலேயே படத்தை நீக்கினேன். போன் வந்த அன்றைக்கே எடுத்திருக்கலாம். ஏன் எடுக்கவில்லை? நேரில் வந்து எழுதிக் கொடுக்கணும், ரூல். இந்தப் பாழாய்ப்போன ரூலுக்காக அவளைக் குழந்தையோடு இத்தனை தூரம் பஸ் ஏற வைத்திருக்கிறேன்.

அவள் டீ வேண்டாம் என்றாள். குழந்தை குடித்தது. போகும்போது, அந்தப் படம் சட்டப்படி உன்னுடையது, காசு கொடுத்தது நீ என்று சொன்னேன். அப்போதுதான் கொஞ்சம் சிரித்தாள். "அதுவாச்சும் என்னுதுனு கீதே" என்றாள்.

எங்கள் பக்கத்தில் எடுத்தாகிவிட்டது. போனில் இறக்கி வைத்துக்கொண்டவர்களை நான் எங்கே போய்த் தேடுவது?

ஜூன் 19, புதன்

மெக்கானிக் வந்தான். பார்த்தான். சாமான் வாங்கி வருகிறேன் என்று போனவன் வரவில்லை. இவர் இரவுச் சாப்பாட்டுக்குப் புளியோதரைத் தூக்கோடு வந்து, பெரிய உபகாரம் செய்த முகத்தோடு நின்றார். வாரத்தில் மூன்றாம் முறை. இந்த வீட்டில் ஒரு ரசம் வைக்கக் கூட எனக்குச் சுதந்திரம் இல்லை.

தணிகைவேல் போன் செய்தார். தோசைக் கடையில் இரண்டு பேர் வந்து பழைய ஸ்டுடியோக்காரர் எங்கே என்று விசாரித்தார்களாம், பிறகு வீட்டுக்கே வந்துவிட்டார்களாம். "என்கிட்ட இன்னா கீது, எல்லாத்தையும் காப்பகத்துக்கு குடுத்துட்டேன்னேன். சரிதானம்மா?"

சரிதான் என்றேன். வேறு என்ன சொல்ல?

ஜூன் 21, வெள்ளி

காப்பகத்துக்கு எதிரே ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. நேற்றும் நின்றது. ஆந்திரா வண்டி. திருத்தணியில் ஆந்திரா வண்டிக்கு என்ன பஞ்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஜூன் 24, திங்கள்

அவன் வந்தான். பிரேமாவின் அண்ணன்.

முழுக்கைச் சட்டை. செருப்பை மாடிப்படிக்குக் கீழேயே கழற்றிவிட்டு வந்து கும்பிட்டான். பெயர் ராஜீவ் என்றான். இத்தனை பணிவாக இங்கே யாரும் வந்ததில்லை. குருநாதன் சார் சென்னைக்குப் போயிருந்தார், நான் மட்டும்தான்.

"அந்த கல்யாண போட்டோல கீறது என் தங்கச்சி மேடம். நைனா படுத்த படுக்கையா கீறாரு. அவ மொகத்த ஒரு தடவ பாக்கணும்னு சொல்லிகினே கீறாரு. ஒரு காப்பி குடுங்க போதும்."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் தெளிவாகத்தான் சொன்னேன். படத்தை நீக்கியாகிவிட்டது, உரிமையாளர் அனுமதி இல்லாமல் பிரதி தர முடியாது.

"ஓனரே நான்தானே மேடம். அன்னிக்கு நானும் மலைல இருந்தேன். போட்டோவுக்கு காசு குடுத்ததே நான்தான்."

எங்கேயோ விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறான். பொய், அதுவும் என்னிடமே, உரிமை விஷயத்தில். பயம் போன இடம் தெரியவில்லை, கோபம் வந்துவிட்டது. காசு கொடுத்தது கல்யாணப் பெண், எடுத்தவரே எனக்குச் சொல்லியிருக்கிறார், அந்தப் பெண்ணே எழுதியும் கொடுத்திருக்கிறாள் என்று அடுக்கினேன்.

"ஓ. அவளே வந்தாளா" என்றான். எந்த ஊர் என்று கேட்டான். அதெல்லாம் சொல்வதற்கில்லை என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னேன். "சரி மேடம், அட்ரஸ் வேணாம். நீங்களே ஒரு போன் போட்டுக் கேளுங்க. அவ வாயால வேணாம்னு சொல்லட்டும், நான் போயிடறேன்" என்றான். இப்போது கூப்பிட முடியாது என்றேன். ஏன் என்றான். பவர்லூம் சத்தத்தில் போன் அடித்தால் கேட்காது, சாயங்காலம்தான் கேட்டுச் சொல்ல முடியும் என்றேன்.

"சரிங்க மேடம். ரூல்ஸ்னா ரூல்ஸ்தான்" என்று மறுபடி கும்பிட்டுவிட்டுப் போனான். எனக்கு ஒரு பெருமை. அவனிடம் ஊர் பெயர் வாங்க முடிந்ததா?

மாலை.

சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து மாமியார், "ஏண்டி காமேஸ்வரி, மிக்ஸி என்ன தறி மாதிரி இப்படிக் கத்தறது, நிறுத்தேன்" என்றார்.

நிறுத்தினேன்.

தறி. சொல்லிட்டேனே. நானே என் வாயால சொல்லிட்டேனே — பவர்லூம்னு. ஆர்.கே.பேட்டை பக்கம் தறி ஓடற ஊர் எத்தனை இருக்கும்? நகரி பக்கத்துப் பொண்ணு, ஒரு பெண் குழந்தை, ஒண்ணாம் கிளாஸ். ரெண்டு நாள் சுத்தினா போதாதா? அதுக்கப்புறம் அவன் ஒரு கேள்வி கூடக் கேக்கலையே. காப்பியும் கேக்கலையே. அப்பவாவது எனக்கு உறைக்க வேண்டாமா?

பிரேமா போனை எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடிக்கிறேன்.

ஜூன் 25, செவ்வாய்

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "வண்டிய எடுக்கறேன், வா" என்றார்.

அம்மையார்குப்பத்தில் ஒவ்வொரு தெருவிலும் தறிச் சத்தம். விசாரிக்கவே பயமாக இருந்தது, நாமே இன்னொரு தடவை காட்டிக்கொடுக்கிறோமோ என்று. கடைசியில் குழந்தைதான் தெருவில் எங்களைப் பார்த்துவிட்டு, "டீ ஆன்ட்டி" என்று கையைப் பிடித்தாள்.

பிரேமா தறியை நிறுத்திவிட்டுக் கேட்டாள். மறைக்காமல் சொன்னேன், பவர்லூம் என்று நான்தான் சொன்னேன் என்று. உள்ளே போய்த் துணிகளைப் பையில் போட ஆரம்பித்தாள்.

அவள் புருஷன் கதிரவன்தான் பேசினான். ஒல்லியான ஆள், எதற்கும் ஒரு சிரிப்பு. எங்களுக்குத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தான். "விடுங்க மேடம், வேணும்னா சொன்னீங்க? ஈரோட்ல என் சிநேகிதன் கீறான், அங்க போயிடறோம். தறில ஏத்தின பாவு நூலு இன்னும் ரெண்டு மூணு நாளுக்கு கீது. பாதில உட்டா ஓனருக்கு நூல் பூரா வீணு. முடிச்சிட்டு வெள்ளிக்கெழம கெளம்பிடுவோம்."

பாவு கிடக்கட்டும், இன்றைக்கே போங்கள் என்று இவரும் சொன்னார், நானும் சொன்னேன். குழந்தையையும் பிரேமாவையும் மட்டுமாவது அனுப்பு என்றேன். அவள் உள்ளேயிருந்தே, "போனா மூணு பேரும்தான்" என்றாள். போலீசில் சொல்லலாமா என்று இவர் கேட்டதற்குக் கதிரவன் சிரித்தான். செத்தவளுக்கு எப்படி சார் பாதுகாப்பு கேக்கறது என்றான்.

வரும் வழியில் இவர் கே.ஜி.கண்டிகையில் டீக்கு நிறுத்தினார். நான் வண்டியை விட்டு இறங்கவில்லை.

ஜூன் 26, புதன்

வெள்ளைக் கார் இல்லை. நேற்றும் இல்லை என்று எதிர்க் கடைக்காரர் சொன்னார். அது நின்றபோது இருந்ததைவிட இப்போது பயமாக இருக்கிறது.

ஜூன் 28, வெள்ளி

போயிருப்பார்கள். இந்நேரம் ரயிலில் இருப்பார்கள். போய்ச் சேர்ந்ததும் சொல் என்று செய்தி அனுப்பினேன். மோட்டார் ஓடுகிறது. மாமியார் அதற்குத் தேங்காய் உடைத்தார்.

ஜூன் 30, ஞாயிறு

இவர் காபியோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனதும் பக்கத்தைத் திருப்பப் பார்த்தார், பிறகு கொடுத்துவிட்டார்.

நாலு வரிதான். வெள்ளி அதிகாலை. நெய்த துணியை மொபெட்டில் கட்டி எடுத்துக்கொண்டு போன தறித் தொழிலாளி மீது வாகனம் மோதி, அவர் அதே இடத்தில் இறந்தார். நிற்காமல் போன வாகனத்தைத் தேடுகிறார்கள். கதிரவன், முப்பத்திரண்டு வயது.

பாவு முடிச்சிட்டான். துணிய ஓனர் கிட்ட குடுக்கப் போயிருக்கான். எனக்கு வேற எதுவும் எழுத வரல.

ஜூலை 4, வியாழன்

குருநாதன் சார் திரும்பிவிட்டார். கண்காட்சியை 'மொட்டைகள்' என்று மாற்றிவிடலாம் என்கிறார், குழந்தைப் படங்களால் வம்பு வராதாம். நடந்ததை எல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நம்ம பேரு எதுலயும் வரல இல்ல?" என்றார்.

இவரிடமா பதினோரு வருஷம் வேலை பார்த்தேன்? வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

பிரேமா வந்தாள். இந்தத் தடவை முக்காடு இல்லை. குழந்தை எங்கே என்று கேட்கவில்லை, கேட்கக்கூடாது என்று எனக்கே தெரிந்தது.

ஸ்டேஷனில் விபத்து என்று எழுதியிருக்கிறார்கள். இவள் அண்ணன் பெயரைச் சொன்னதும் அவனைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். என் தங்கச்சி 2017லேயே இறந்துவிட்டாள், ஊரே சாட்சி, போஸ்டர் இருக்கிறது, இந்தப் பெண் யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டானாம். அவள் உயிரோடு இருப்பதே தெரியாதவன் எதற்காக அவள் புருஷன் மேல் வண்டி ஏற்றப் போகிறான் என்று அவளிடமே திருப்பிக் கேட்டார்களாம். போட்டோவைக் காட்டினாளாம். அதில் அண்ணன் இல்லையே என்றார்களாம்.

"உங்க கிட்ட வந்து 'என் தங்கச்சி'னு சொன்னான் இல்ல? அத காதால கேட்ட ஆளு நீங்க ஒருத்தர்தான். வந்து சொல்லணும்."

நான் அழ ஆரம்பித்தேன். என்னை மன்னித்துவிடு என்று ஏதோ சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள், ஆனால் கையைக் கூடத் தொடவில்லை.

"நீங்க அவன் கிட்ட சொன்னத நான் மறக்க மாட்டேன் அக்கா. அது வேற. இது வேற. வருவீங்களா, மாட்டீங்களா?"

ஜூலை 10, புதன்

வீட்டில் ரகளை. "கோயில் கைங்கரியம் பண்ற குடும்பம். பொம்மனாட்டி போலீஸ் ஸ்டேஷன் படி ஏறுவாளா? அவன் நாளைக்கு இங்கேயும் வண்டிய ஏத்த மாட்டான்னு என்ன நிச்சயம்?" என்கிறார் மாமியார். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. இவர் மலைக்குப் போகும்போது வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

சார் போனில், காப்பகத்தின் பெயரை இழுக்காமல் சொல்ல முடியுமா பாருங்கள் என்றார்.

இவர் மதியமே திரும்பிவிட்டார். கையில் தூக்கு இல்லை. "நாளைக்கு லீவு சொல்லிட்டேன். எத்தனை மணிக்கு?" என்றார்.

ஜூலை 11, வியாழன்

போனோம். பிரேமா எங்களுக்கு முன்பே வந்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். இவர் வெளி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

இன்ஸ்பெக்டர் பொறுமையான ஆளாகத்தான் தெரிந்தார். ராஜீவ் வந்தது, கும்பிட்டது, நைனா படுக்கையில் இருப்பதாகச் சொன்னது, 'என் தங்கச்சி' என்று சொன்னது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்தார்.

"அந்தப் பொண்ணு எங்க இருக்குதுனு அவனுக்கு எப்படிம்மா தெரியும்? போஸ்டர் ஒட்டினவன், ஏழு வருசம் தேடாதவன். இத சொல்லலனா கேஸ் நிக்காது."

பிரேமா பக்கத்தில்தான் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, மேஜையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்தான் சொன்னேன் என்றேன்.

"அட்ரஸ் குடுத்தீங்களா?"

இல்லை, ஒரு வார்த்தைதான் என்றேன். என்ன வார்த்தை, சரியாகச் சொல்லுங்கள், அப்படியே எழுத வேண்டும் என்றார். சொன்னேன். அவர் எழுதி, வாசித்துக் காட்டி, கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.